மேகமலர் நாடித்தோட்டம்

மேகமலர் குடியிருப்பின் தோட்டம் ஒளிந்துகொண்டுவிட்டது என்று புகார் வந்திருந்தது. செடி காய்ந்துவிட்டது, பூச்சி விழுந்துவிட்டது, புல்தரையை நாய் தோண்டிவிட்டது என்றெல்லாம் கேட்டுப் பழகியவள் நிறைமதி. தோட்ட வடிவமைப்புத் தொழிலில் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறாள். ஆனால் தோட்டம் ஒளிந்துகொண்டது என்று ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. தூக்கக் கலக்கத்தில் யாரோ எழுதியிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

நேரில் போய் ஒன்பதாவது மாடி பால்கனியில் நின்றபோது எழுதியவர் மேல் தப்பில்லை என்று தெரிந்தது. சரவணம்பட்டிப் பக்கத்து அடுக்குமாடிகளிலேயே பேர் வாங்கிய தோட்டம் அது. கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதை, கல் இருக்கைகள், மூலிகைப் பாத்தி, குட்டித் தாமரைக்குளம் எல்லாம் அவள் வரைந்து கொடுத்தவை. இப்போது ஒன்றையும் காணோம். நான்கு கட்டடங்களுக்கும் நடுவே வெறும் இலைகள், காய்ச்சல்காரன் போர்வையைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்ட மாதிரி.

"பாத்தீங்களா?" என்றார் விசுவலிங்கம். குடியிருப்போர் சங்கத் தலைவர். நூற்பாலை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேலாளர் புத்தி மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "நாங்க கேட்டது தோட்டமுங்க மேடம். நீங்க குடுத்திருக்கறது காடு. பால்கனியில உக்காந்து பாக்கத்தானுங்களே தோட்டம் வெக்கறோம்? கீழ எறங்கி ஆரு போறா?"

"கீழே யாரும் போறதில்லையா சார்?"

விசுவலிங்கம் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "போவோம், போவோம். டெய்லி எட்டு நடக்கறமே."

அப்போது அவருடைய மனைவி கோகிலவாணி பால்கனிக்கு வந்தாள். பின்னாலேயே, வீட்டு வேலை செய்யும் துளசிமணி காபித் தட்டோடு வந்து வைத்துவிட்டுப் போனாள்.

"எனக்கு இன்னொருக்கா வெளக்கமாச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழமை பொதுக்குழுவில நான் பதில் சொல்லோணும்" என்றார் விசுவலிங்கம்.

நிறைமதி சொன்னாள். இதை அவள் எத்தனையோ வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். "மண்ணுக்கு அடியில வேரோட வேரா ஒரு பூஞ்சை இழை ஓடுது சார். நீங்க கையில கட்டற பட்டை உங்க நாடித்துடிப்பை அதுக்கு அனுப்பும். எங்கே உங்க நாடி தணியுதோ, அந்த இடத்துக்கு இழை தண்ணியும் சத்தும் கொண்டுபோகும். செடியெல்லாம் வேகமா வளர்ற மாதிரி மாத்தினது. அங்கே நிழலும் பூவும் வந்துடும். எங்கே நாடி படபடக்குதோ, அங்கே எது உங்களைத் தொந்தரவு பண்ணுதோ அதுக்கு நடுவுல ஒரு மறைப்பு கட்டும். சாலைச் சத்தம் பிடிக்கலேன்னா சாலைப் பக்கம் புதர் எழும்பும். அவ்வளவுதான். நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், நடந்தாப் போதும். தோட்டமே உங்களைப் புரிஞ்சுக்கும்."

"அப்ப எங்க நாடிக்கு எங்க பால்கனியே பிடிக்கலையாக்கும்?"

நிறைமதி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து இலைகளை இன்னொரு முறை பார்த்தாள். பட்டை என்ற பேச்சு வந்ததுமே கோகிலவாணி அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லாட்டி அத்தனையும் புடுங்கிப் போட்டுட்டுப் பிளாஸ்டிக் புல்லும் கல்லும் பதிச்சுக்கறோம்" என்றார் விசுவலிங்கம்.

கீழே இறங்கி எட்டு நடைபாதையில் நடந்தாள் நிறைமதி. மேலே புங்கங்கிளைகள் கூரைபோலப் பின்னியிருந்தன. கிளை எங்கே அடர்ந்திருக்கிறது, எங்கே விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனவளுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஏதாவது ஒரு பால்கனியிலிருந்து பார்வை விழக்கூடிய இடத்தில் மட்டும்தான் இலை அடைத்திருந்தது. பார்வை எட்டாத மூலைகளில் வெயில் தாராளமாக உள்ளே வந்தது. கல் இருக்கைகளை மருதாணிப் புதர் விழுங்கியிருந்தது. அங்கே யாரும் உட்கார்ந்த அறிகுறியே இல்லை.

பாதையைத் தாண்டியும் புல் போய்க்கொண்டே இருந்தது. கடைசிக் கட்டடமான டி பிளாக்கைச் சுற்றி, சாமான் ஏற்றும் லிஃப்டையும் தாண்டி, குப்பை அறையின் பின்சுவர் வரைக்கும் போயிருந்தது. அந்த இடத்துக்கு அவள் வரைபடத்தில் ஒரு தண்ணீர்க் குழாயும் கொஞ்சம் ஜல்லியும் மட்டுமே போட்டிருந்தாள். இப்போது குப்பை நாற்றத்தை மறித்துக்கொண்டு நொச்சி நின்றது. பவளமல்லி உதிர்ந்து கிடந்தது. புங்கமர வேர்கள் தரைக்கு மேலே எழும்பி, சரியாக ஆள் உட்காரும் உயரத்தில் வளைந்திருந்தன. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வரும் காற்று அங்கே வந்துதான் திரும்பியது. இத்தனை நல்ல இடத்தை அவள் வாழ்நாளில் வரைந்ததில்லை. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

மூன்று பெண்கள் வேரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் டப்பாவை மூடிக்கொண்டு விருட்டென்று எழுந்தார்கள். நடுவில் இருந்தவள் துளசிமணி.

"ஆரையும் காணோமுன்னு சித்தே உக்காந்துட்டமுங்க. இதா, போயர்றோம்."

"அட, உட்காருங்க. நான் தோட்டம் போட்ட கம்பெனிக்காரி. சாப்பிடுங்க முதல்ல" என்று நிறைமதி தானும் ஒரு வேரில் உட்கார்ந்தாள். டப்பாவை மறுபடி திறக்கும்போது துளசிமணியின் வளையல்களுக்கு மேலே மூன்று பட்டைகள் தெரிந்தன. மற்ற இருவர் கையிலும் அதே பட்டைகள்.

நிறைமதி அவற்றையே பார்த்தாள். துளசிமணி முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். பிறகு, மூடி என்ன பிரயோசனம் என்று பட்டிருக்க வேண்டும், அவளே சொன்னாள்.

"இது சாரோடது, இது அம்மாவோடது, இது பி பிளாக் டாக்டரம்மாவோடது. காத்தால வந்ததும் இதக் கட்டிக்கிட்டு எட்டுல நடன்னு சொல்லிட்டாங்கக்கா. பெருக்கறது பாத்தரமெல்லாம் அதுக்கப்பறம். அவியளுக்கு எங்க நேரம்? எல்லா ஊட்டுலயும் இதே கதைதான். இவளும் நடந்தா, அவளும் நடந்தா."

நிறைமதிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. கோடிக்கணக்கில் செலவழித்து ஆராய்ச்சி செய்தவர்கள் மழை, புயல், பூச்சி எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். நடைப்பயிற்சிக்குக்கூட ஆள் வைப்பார்கள் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

"நடக்கும்போது எப்படி இருக்கும் உங்களுக்கு?"

"பக்கு பக்குங்குமுங்க. மேல இருந்து பாத்துக்கிட்டே இருப்பாங்கல்ல? கொஞ்சம் மெதுவா நடந்தாப் போதும், 'துளசி, அங்கென்ன வேடிக்கை'ன்னு ஒன்பதாவது மாடியில இருந்து சத்தம் வரும். கட்டடமே திரும்பிப் பாக்கும். இங்க வந்தாத்தான் மூச்சே விடுவோம். முன்னயெல்லாம் லிஃப்ட்டுப் பக்கத்துல நின்னுக்கிட்டே சாப்பிட்டோம். வேலைக்கு வந்த இத்தன வருசத்துல உக்கார்றதுக்குன்னு ஒரு எடம் கெடச்சது இதுதாங்க்கா."

தோட்டம் பழுதாகவில்லை. யாருடைய நாடியைக் கையில் கொடுத்தார்களோ அவர்களுக்கு விசுவாசமாக இருந்திருக்கிறது. அவர்கள் பயந்த கண்களிலிருந்து அவர்களை மறைத்து, அவர்கள் மூச்சு விட்ட இடத்தில் ஆசனம் போட்டுக் கொடுத்திருக்கிறது.

"அக்கா, இதப் பொதுக்குழுவில சொல்லிருவீங்களா?" துளசிமணியின் குரல் இறங்கிவிட்டது. "சொன்னீங்கன்னா மொதல்ல போறது என்ற வேலைதான். நானே எடுத்துக் கட்டிக்கிட்டன்னு சொல்லிருவாங்க. ஒரு ஊட்டுல நிறுத்துனா அவிய வாட்ஸ்அப் குரூப்புல போட்டுருவாங்க, அப்பறம் இந்த கேட்டுக்குள்ள காலு வெக்க முடியாது. இந்த எடத்தையும் புடுங்கிப் போட்டுருவாங்க."

"உங்க பேர் வெளியே வராது. இந்த இடமும் போகாது" என்றாள் நிறைமதி. கொஞ்சமும் யோசிக்காமல் கொடுத்த வாக்கு அது.

அன்று மாலை விஷயத்தைச் சொன்னதும் அவளுடைய முதலாளி போனில் குதித்தார். பல பட்டைகளில் ஒரே ஆளின் நாடி இருக்கும் பதிவைத் திறந்து காட்டு, கம்பெனி பெயரைக் காப்பாற்று, யார் வேலை போனால் நமக்கென்ன என்பது அவர் கட்சி. நிறைமதி பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் அரங்கம் நிறைந்திருந்தது. நிறைமதி எழுந்து, தோட்டத்தில் எந்தக் கோளாறும் இல்லை என்றாள். தோட்டம் கற்றுக்கொள்ளும் பயிற்சிக்காலத்தில் வீட்டுக்காரர்கள் நடந்தது போதவில்லை, இன்னொரு முறை எல்லோரும் அவரவர் பட்டையை அவரவர் கையில் கட்டிக்கொண்டு நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். 'அவரவர்' என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள். அரங்கமே தரையைப் பார்த்தது. கோகிலவாணி கைப்பைக்குள் எதையோ தேடினாள். விசுவலிங்கம் தொண்டையைச் செருமினார். ஒருவர்கூட எதிர்க்கேள்வி கேட்கவில்லை. சங்கம் தொடங்கியதிலிருந்து ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது அன்றுதானாம்.

அத்தோடு அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். காரியம் முடிந்திருந்தது. ஆனால் பின்வரிசையில் யாரோ, "எல்லாம் ஏமாத்து வேலைங்க. நாடியாவது தோட்டமாவது" என்று முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. வரைந்தவளுக்குச் சுருக்கென்றது.

"ஏமாத்து வேலையா? டி பிளாக்குக்குப் பின்னால போய்ப் பாருங்க சார். இதைவிட நல்ல இடம் இந்தக் கோயம்புத்தூர்லயே கிடையாது" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் நாற்காலிகள் பின்னுக்கு நகரும் சத்தம் கேட்டது. கூட்டம் மொத்தமும் அங்கேதான் போனது. போனவர்கள் வாயைப் பிளந்தார்கள். டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்து பார்த்தாள். விசுவலிங்கம் வேரில் உட்கார்ந்து, "அட, இங்க பாரு" என்று இரண்டு தரம் சொன்னார்.

அடுத்த வாரம் அங்கே பலகை தொங்கியது: 'குடியிருப்போர் பயன்பாட்டுக்கு மட்டும். பணியாளர்கள் அமர்வதைத் தவிர்க்கவும்.'

நிறைமதி துளசிமணியிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். "வேலை இருக்குதுல்லங்க்கா, போச்சாது போங்க" என்றாள் துளசிமணி. திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம். நிறைமதிக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. வாக்குக் கொடுத்த வாயாலேயே அந்த இடத்தைப் பிடுங்கிக் கொடுத்திருக்கிறாள்.

மழைக்காலம் முடிந்ததும் விசுவலிங்கம் மறுபடி கூப்பிட்டார். இந்த முறை மதில் வெடித்திருந்தது.

அவள் போய்ப் பார்த்தாள். டி பிளாக்குக்குப் பின்னால் நொச்சி இலை கொட்டிப்போய் நின்றது. பவளமல்லி பூக்கவில்லை. உட்கார வாகாக இருந்த வேர்களெல்லாம் மண்ணுக்குள் இறங்கி, மதிலுக்கு அடியில் புகுந்து போயிருந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம் மாநகராட்சி நடைபாதை, அதை ஒட்டிப் பேருந்து நிறுத்தம். கூரைகூட இல்லாத நிறுத்தம் அது. அங்கே இப்போது புத்தம் புதிதாக ஒரு புங்கமரம் குடை பிடித்தது. அதன் வேர்களில் வரிசையாக வீட்டு வேலைக்கு வரும் பெண்கள். ஒரு வீட்டு வேலை முடிந்து அடுத்த வீட்டில் கூப்பிடும்வரை உட்கார அவர்களுக்கு உள்ளே இடமில்லையே. துளசிமணி கையில் இப்போது ஐந்து பட்டைகள் இருந்தன.

நடந்தது இதுதான். ஏகமனதாகத் தீர்மானம் போட்டவர்கள் ஒரு வாரம் ஒழுங்காக நடந்தார்கள். பிறகு ஒருத்தருக்கு முழங்கால் வலி, ஒருத்தருக்குக் காலைக் கூட்டம், ஒருத்தருக்கு ஊரிலிருந்து விருந்தாளி. பட்டைகள் பழைய கைகளுக்கே திரும்பிவிட்டன. பெண்கள் எட்டில் நடந்துவிட்டு, பட்டையோடு வெளியே வந்து உட்கார்ந்தார்கள். தோட்டம் அவர்கள் பின்னாலேயே வெளியே வந்துவிட்டது.

"என்னுங்க இது அநியாயம்? எங்க தோட்டம் ரோட்டுல போய் நிக்குது. வேரை மதிலோட வெட்டி விட்டா மறுபடி உள்ளயே வளருமில்லீங்களா?" என்றார் விசுவலிங்கம். நடைபாதையில் அவளோடு நின்றுகொண்டு, நிறுத்தத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார்.

"வெட்டினாலும் அதேதான் சார். பட்டை எங்கே போகுதோ அங்கேதான் வேரும் போகும்" என்றாள் நிறைமதி. இந்த முறை மென்று விழுங்கவில்லை. "உங்க பட்டையைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

விசுவலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மேல இருக்கும். வாணிகிட்ட இருக்கும்." அண்ணாந்து பார்த்துக் கூவினார். "வாணி! என்ற பட்டை எங்க வெச்சிருக்கறே?"

ஒன்பதாவது மாடியிலிருந்து கோகிலவாணி எட்டிப் பார்த்தாள். இலைக்கூரை மதில் பக்கம் இல்லாததால் அந்த மூலை மட்டும் அவளுக்குத் தெரிந்தது. கணவனையும் துளசிமணியையும் தவிர வேறு யார் நிற்கிறார்கள் என்று அவள் கவனிக்கவில்லை.

"உங்க பட்டை துளசிகிட்டத்தானுங்க இருக்குது! நீங்கதானே குடுத்தீங்க? துளசி, சாரோடதைக் கழட்டிக் குடுத்துரு!"

தெருவே கேட்டது. பி பிளாக் பால்கனியில் டாக்டரம்மா தலை தெரிந்து, மறைந்தது. அங்கங்கே இன்னும் சில ஜன்னல்கள் சாத்தப்பட்டன. துளசிமணி எழுந்து, ஒவ்வொரு பட்டையாகக் கழற்றி, சேலையில் துடைத்து, விசுவலிங்கத்தின் கையில் வைத்தாள். "இது உங்களுது. இது அம்மாவுது. இது டாக்டரம்மாவுது, நீங்களே குடுத்துருங்க." மற்றப் பெண்களும் வந்து அவர் கையில் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் வைத்துக்கொள்ள இடமில்லாமல் சட்டையைத் தொட்டில்போல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

யாரும் யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டுமே. குட்டு உடைந்த வெட்கத்தில் அந்தத் தடவை வீட்டுக்காரர்கள் உண்மையாகவே நடந்தார்கள். முழங்கால் வலிக்காரர்கூடத் தடி ஊன்றிக்கொண்டு நடந்தார். வெளியே போன வேரை மதிலோரம் வெட்டினார்கள். அந்தப் புங்கமரம் வாடிவிடும் என்று நிறைமதி பயந்தாள். அது சொந்தமாக வேர் விட்டு நின்றுகொண்டது. ஒரு நாள் மாநகராட்சி ஆள் வந்து அதன் மேல் பெயின்ட்டால் எண் எழுதிவிட்டுப் போனார். அதற்கப்புறம் சங்கத்தால் அதைத் தொட முடியவில்லை.

உள்ளே தோட்டம் புதிதாகக் கற்றுக்கொண்டது. இம்முறை அது ஒளியவில்லை. பிரிந்தது. வீட்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பச்சை அறைகள் எழும்பின. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை, தனி இருக்கை, நான்கு பக்கமும் ஆள் உயர வேலி. ஓர் அறையில் இருப்பவர் கண்ணில் இன்னோர் அறைக்காரர் படவே மாட்டார். குடியிருப்போருக்கு ஏகத்துக்கும் பிடித்துப்போனது. நிறைமதியின் முதலாளி அதற்குத் 'தனியகம்' என்று பெயர் சூட்டி விளம்பரம் செய்தார். அந்த வருடம் கோவையிலிருந்து சென்னை வரை புதுக் குடியிருப்புகளில் அதுதான் ட்ரெண்ட். வடிவமைத்தவள் என்று அவள் படத்தைப் போட்டார்கள். நான் எங்கே வடிவமைத்தேன் என்று அவள் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒரு சாயங்காலம் பராமரிப்புக்காகப் போயிருந்தபோது விசுவலிங்கம் தயங்கித் தயங்கி அவளைத் தன் பச்சை அறைக்குக் கூட்டிப் போனார்.

"மத்தவிய ஆருக்கும் சொல்லலீங்க. எங்க ஒரு வீட்டுக்கு மட்டும் ரெண்டு ரூம் வந்திருக்குது. இது என்னுது. வாணியோடது அந்தக் கோடியில இருக்குது. நடுவுல பாருங்க."

நிறைமதி பார்த்தாள். தோட்டத்திலேயே அடர்த்தியான வேலி அதுதான். கை நுழையவில்லை.

"கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருசமாச்சு. எதாவது கோளாறா இருக்குமுங்களா?" என்று கேட்டார். மேலாளர் குரல் எங்கோ போய்விட்டிருந்தது.

"கோளாறு ஒண்ணும் இல்லை சார்" என்றாள் அவள். அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. துளசிமணி யாரையோ கேலி செய்துகொண்டிருந்தாள், நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள், நடுவே ஒரு ஆண் குரலும் கேட்டது. ஆட்டோக்காரராக இருக்கும். விசுவலிங்கம் வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அங்க மட்டும் எப்படீங்க அத்தன பேரு ஒண்ணா உக்காந்திருக்காங்க? அந்த மரத்துக்கு என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் பண்ணலை சார். அது இப்ப யார் பேச்சையும் கேக்கறதில்லை. வெறும் மரம். ஒருத்தர் நகர்ந்தா இன்னொருத்தர் உட்காரலாம்."